பிக்கப் பின்னாடி மினி டிராக்டர் கட்டி இழுக்குறப்போ வர்ற கோளாறு: எங்க கை வைக்கணும்

ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி பக்கம் தென்னந்தோப்புக்கு உழவு ஓட்டுறது, ஆவணி புரட்டாசியில புழுதி விதைப்புக்கு திருவாடானை பக்கம் போறது, அப்புறம் முதுகுளத்தூர் சைடு மிளகாய்க் காட்டுக்கு ஓடுறது, இதுதான் ஏழு வருசமா நம்ம பொழப்பு. 24 ஹெச்பி மினி டிராக்டர் ஒண்ணு, பிக்கப் ஒண்ணு, பட்டறையில சொல்லி அடிச்ச ரெண்டு சக்கர டிரெய்லர் ஒண்ணு. இந்த மூணும் சேர்ந்து குடுத்த தொல்லையில முக்காவாசி திரும்பத் திரும்ப வந்த அதே தொல்லைதான். ஒவ்வொரு தடவையும் யாராவது போன் பண்ணி "அண்ணே ஆடுதுண்ணே", "அண்ணே சுடுதுண்ணே"ன்னு கேட்கிறாங்க, நானும் அதையே சொல்றேன், அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். உங்களுக்கு என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேராப் போயிடுங்க. ஒவ்வொண்ணுலயும் காசில்லாம பார்க்கக்கூடியது முதல்ல, செலவு வைக்கிறது கடைசியில.

50-ஐத் தாண்டினா டிரெய்லர் வாலாட்டுது

ஓடிட்டு இருக்கும்போதே ஆடுதுன்னா முதல்ல ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கை நேரா இறுக்கிப் பிடிங்க, அவ்வளவுதான். பிரேக்கைப் போட்டு அமுக்காதீங்க, ஆட்டத்துக்கு எதிரா ஸ்டியரிங்கை ஒடிக்காதீங்க, "வேகமா போனா நேராயிடும்"னு எவனாவது சொன்னா காதுல வாங்காதீங்க. வேகம் தானா குறைஞ்சதும் ஆட்டம் அடங்கும், அப்புறம் ஓரங்கட்டுங்க.

இப்ப காரணம். பத்துக்கு ஏழு தடவை லோடு பின்னாடி உட்கார்ந்திருக்கும். டிராக்டரை நேரா முன்னாடி பார்த்து ஏத்துவோம், ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறுற சுழல் உழவுக் கருவி) பின்னாடி தொங்கும், டிராக்டரோட எடையும் பின் சக்கரத்துல, ரோட்டவேட்டர் எடையும் அதுக்குப் பின்னாடி, அப்ப கொக்கி (டிரெய்லரை பிக்கப்போட மாட்டுற இடம்) மேல எடையே விழாது, டிரெய்லர் ஆக்ஸிலுக்குப் பின்னாடிதான் மொத்த பாரமும். இதுக்கு டேப் போதும். காலி டிரெய்லரை மாட்டி பிக்கப்போட பின் பம்பர் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு அளங்க. டிராக்டரை ஏத்தினப்புறம் அதே இடத்துல அளங்க. பம்பர் கொஞ்சம் இறங்கியிருக்கணும். இறங்காம அப்படியே நின்னாலோ, இன்னும் மேல தூக்கியிருந்தாலோ, அந்த லோடோட ரோட்டுக்கே போகாதீங்க.

கணக்கா வேணும்னா மொத்த டிரெய்லர் எடையில 100-க்கு 10லேர்ந்து 15 கொக்கி மேல இருக்கணும். டிராக்டர் 750 கிலோ, ரோட்டவேட்டர் 200, டிரெய்லர் 450ன்னு வச்சுக்கங்க, 1400 ஆச்சு, கொக்கியில 140லேர்ந்து 210 கிலோ வரணும். எடை மேடையில போய் டிரெய்லரைக் கழட்டி மொத்தமா ஒரு தடவை எடை போடுங்க, அப்புறம் சக்கரம் மட்டும் மேடை மேல, மூக்கு (டிரெய்லரோட முன் முனை) ஸ்டாண்டு மேடைக்கு வெளியில இருக்கிற மாதிரி நிறுத்தி இன்னொரு தடவை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி எடை. ஒரு தடவை செஞ்சு, டிராக்டர் முன் சக்கரம் எங்க நிக்கணும்னு டிரெய்லர் பலகையில பெயிண்ட்ல கோடு போட்டுட்டா அப்புறம் வருசக்கணக்குல யோசிக்கவே வேண்டாம். நம்ம டிரெய்லர்ல மஞ்சக் கோடு, மச்சான் ஏத்தினாலும் நான் ஏத்தினாலும் டயர் அந்தக் கோட்டுலதான் நிக்கும். முன்னாடி நகர்த்த இடமில்லன்னா ரோட்டவேட்டரைக் கழட்டி டிரெய்லர் மூக்குப் பக்கம் படுக்கப் போட்டுக் கட்டுங்க, கால் மணி நேர வேலை.

லோடு சரி, இன்னும் ஆடுதுன்னா டயர் காத்து. பஞ்சர் கடையில கையால தட்டிப் பார்த்து அடிக்கிறதை ஏத்துக்காதீங்க, மீட்டர் வச்சு, வண்டி ஓடாம இருக்கிற காலை நேரத்துல, டயர் ஓரத்துல போட்டிருக்கிற அளவைப் பார்த்து அடிங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அதுவும் சரின்னா சமதரையில நிறுத்தி எட்ட நின்னு பாருங்க, டிரெய்லர் படுக்கை மட்டமா இருக்கா, மூக்கு மேல தூக்கியிருக்கா. மூக்கு தூக்கியிருந்தா கொக்கி உயரத்தைக் குறைக்கணும், அது வெல்டிங் பட்டறை வேலை. அதுக்கப்புறம் கொக்கிப் பின் தேய்ஞ்சு கடகடங்குதா, பட்டை ஸ்பிரிங்கோட யூ போல்ட் நட்டு லூசா இருக்கான்னு ஸ்பேனர் போட்டுப் பாருங்க. பின் மாத்துறது சின்னக் காசு.

கடைசியா ஆக்ஸில் கோணல். கொக்கிப் பின் நடுவுலேர்ந்து இடது ஹப்புக்கு (சக்கரத்தோட நடுக் குடம்) டேப் பிடிங்க, வலது ஹப்புக்கும் பிடிங்க. அரை இஞ்ச் வித்தியாசம் வந்தாலே ஆக்ஸில் நகர்ந்திருக்கு, பட்டையோட சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம். இதுல நீங்க கை வைக்க வேண்டாம், பட்டை வேலை பார்க்கிறவர்கிட்ட காலி டிரெய்லரா மெதுவாக் கொண்டு போங்க.

கடல்ல அடிக்கிற காத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல நீளம், ரெண்டு பக்கமும் வெட்டவெளி கடல், வாடைக் காத்து காலத்துல பக்கவாட்டுல அடிக்கும். பக்கத்துல ரயில் பாலத்துலயே காத்து எல்லை தாண்டினா ரயிலை நிறுத்திடுறாங்க. டிரெய்லர் எவ்வளவு சரியா இருந்தாலும் அந்த மாதிரி நாள்ல 30-க்கு மேல போகாதீங்க, மண்டபத்துலயே காத்து தள்ளுறது தெரிஞ்சா அங்கேயே ஒரு டீயைக் குடிச்சிட்டு நில்லுங்க. எதிர்ல பஸ் வந்து கடந்து போகும்போது காத்து ஒரு நொடி நின்னு மறுபடி அறையும், அதுக்கு ரெடியா இருங்க.

சக்கரத்துக்கிட்ட சூடு, கருகுற வாடை, 'உர்ர்ர்' சத்தம்

இந்தக் கடலோரத்துல அதிகமா வர்றது இதுதான், நான் அதிகமா காசு விட்டதும் இதுலதான்.

மூணாவது வருசம், தொண்டியில வேலை முடிச்சு ஈசிஆர்ல திரும்பி வர்றோம், தேவிபட்டினம் தாண்டி ஒரு வாடை, பிளாஸ்டிக் எரியுற மாதிரி. இறங்கிப் பார்த்தா இடது ஹப்பு மூடியில பெயிண்ட் பொரிஞ்சு கிடக்கு. ஆற விட்டு மூடியைத் தட்டிக் கழட்டினேன், உள்ள கிரீஸ் கருப்பாவோ பழுப்பாவோ இல்ல, வெளுத்துப் போய் கெட்டி மோர் மாதிரி இருக்கு. விரல்ல எடுத்துத் தேய்ச்சா நறநறன்னு மணல். பேரிங் ரோலர் நீலம் பாரிச்சு, ஒண்ணு ரெண்டு உடைஞ்சு, அது ஆக்ஸில் முனையையும் அரிச்சிருச்சு. பேரிங் செட்டோட முடிய வேண்டியது, முனையை வெட்டி லேத்துல புதுசு போட்டு வெல்டு வைக்கிற வரைக்கும் போச்சு. காரணம் என்னன்னா அதுக்கு முந்தின மாசம் ஒரு படகு இழுக்க உதவிக்குக் கூப்பிட்டாங்கன்னு டிரெய்லரைக் கடல் தண்ணியில ஹப்பு முங்க இறக்கினோம். ஓடி வந்த சூட்டோட ஹப்பு தண்ணியில இறங்கினா, உள்ள இருக்கிற காத்து குளிர்ந்து சுருங்கி, சீல் வழியா தண்ணியை உள்ள இழுக்கும். உப்புத் தண்ணி உள்ள போச்சுன்னா அந்த பேரிங்குக்கு அன்னிக்கே கணக்கு முடிஞ்சது.

செக் பண்ற விதம். கிளம்பி 10, 15 கிலோமீட்டர்ல நிறுத்தி ரெண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்க, முதல்ல புறங்கையைக் கிட்டக் கொண்டு போங்க, நேரா அமுக்கிடாதீங்க. வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல. கை வைக்க முடியலன்னாலோ, ஒரு பக்கம் மட்டும் அதிகமா சுட்டாலோ அங்க பிரச்சனை. சூட்டோட தண்ணி ஊத்தாதீங்க, தானா ஆறட்டும். அப்புறம் டிராக்டரை இறக்கிட்டு, காலி டிரெய்லருக்கு ஜாக்கி கொடுத்து, ஆக்ஸிலுக்குக் கீழ கட்டையும் வச்சு, சக்கரத்தைக் கையால சுத்துங்க. சுத்தமா, சத்தமில்லாம சுத்தணும். டயரை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ளயும் வெளியிலயும் ஆட்டுங்க, 'டக் டக்'னு ஆட்டம் இருந்தா பேரிங் லூசு.

ஆட்டம் மட்டும் இருக்கு, சத்தம் இல்லன்னா டைட் வச்சாப் போதும். ஸ்பிளிட் பின்னை எடுத்து, சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை லேசா இறுகுற வரைக்கும் டைட் பண்ணி, அப்புறம் கால் சுத்து லூஸ் விட்டு புது ஸ்பிளிட் பின் போடுங்க. பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீங்க. ரொம்பப் பேர் "இறுக்கி வச்சா நல்லது"ன்னு நட்டை முறுக்கித் தள்ளுறாங்க, சூடாகுறதுக்கு அதுவே ஒரு பெரிய காரணம். கிரீஸ் காஞ்சிருந்தா மண்ணெண்ணெயில கழுவி, நல்லாத் துடைச்சு, காய விட்டு, ரோலருக்குள்ள போற மாதிரி உள்ளங்கையில வச்சு அழுத்தி கிரீஸ் ஏத்துங்க, மேல பூசினா பத்தாது. ஆயில் சீல் ஒவ்வொரு தடவையும் புதுசு. ரோலர்ல குழி, துரு, நீலம் எதைப் பார்த்தாலும் பேரிங்கையும் அதோட வெளிக் கப்பையும் சேர்த்து மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா மறுபடி போகும். முனையில விரல் நகம் மாட்டுற அளவுக்கு அரிச்சிருந்தா அங்கயே நிறுத்திடுங்க, லேத்துக்காரர்தான் பார்க்கணும். அந்த நிலைமையில 5 கிலோமீட்டர்தானேன்னு ஓட்டினா சக்கரம் தனியா போயிடும், எதிர்ல டூ வீலர்ல வர்றவங்களை நினைச்சுப் பாருங்க.

நான் இப்ப வருசத்துக்கு ரெண்டு தடவை கழட்டிடுறேன், ஆவணிக்கு முன்னாடி ஒண்ணு, மழை முடிஞ்சு தை மாசம் ஒண்ணு. வாலிநோக்கம் உப்பளம் பக்கமோ கடற்கரையோ போயிட்டு வந்தா அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவுவேன், ஹப்பு ஆறினதுக்கு அப்புறம்.

பிரேக் பிடிச்சா பின்னாடி இருந்து தள்ளுது

பட்டறையில அடிக்கிற டிரெய்லர் நிறையத்துல பிரேக்கே கிடையாது, மொத்த பாரத்தையும் பிக்கப்தான் நிறுத்தியாகணும். அதனால முதல்ல எடையைப் பாருங்க. உங்க வண்டி எவ்வளவு இழுக்கலாம்னு மேனுவல்ல இருக்கும், எடை மேடைச் சீட்டோட ஒப்பிடுங்க. கூடுதலா இருந்தா மத்த செக் எதுவும் வேண்டாம், ரோட்டவேட்டரை வேற வண்டியில அனுப்புங்க. பிக்கப் பின்னாடி மூட்டையையும் ஏத்தி, டிரெய்லரையும் இழுக்கிறது ரெண்டு மடங்கு ஆபத்து. (டிரெய்லருக்கும் தனியா ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கணும், அது இல்லாம ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் வாங்குறது பெரும்பாடு.)

எடை சரின்னா கொக்கிப் பின் இடைவெளி. பிரேக் போடும்போது ஒரு 'டங்'னு இடிச்சு அப்புறம் தள்ளுச்சுன்னா பின் தேய்ஞ்சிருக்கு. அதுவும் இல்லன்னா பிக்கப்போட பிரேக் பேடு, பிரேக் ஆயில் அளவு. பெடல் ஆழமாப் போகுது, பஞ்சு மாதிரி இருக்குதுன்னா வண்டியை நகர்த்தாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. எல்லாம் சரியா இருந்தும் தள்ளுதுன்னா டிரெய்லருக்கே பிரேக் உள்ள ஆக்ஸில் போடுறதுதான் வழி, செலவுதான், ஆனா மாசத்துல பத்து நாள் ரோட்டுல இருக்கிறவங்களுக்கு அவசியம்னு நான் நினைக்கிறேன்.

பாம்பன் பாலம் நடுவுல உயர்ந்து ரெண்டு பக்கமும் சரியும். மேல ஏறினதுமே கியரைக் குறைச்சுடுங்க, இறக்கத்துல பிரேக்கை நம்பாதீங்க. போட்டோ எடுக்க ஜனங்க திடீர்னு நிறுத்துவாங்க, எப்பவும் முன்னாடி வண்டிக்கு நாலஞ்சு வண்டி இடைவெளி விடுங்க.

டிராக்டர் ஏத்தும்போது பிக்கப் நகருது, இல்லன்னா டிராக்டர் முன்னாடி தூக்குது

ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இருந்தேன், எப்படி நகர்ந்துச்சுன்னு கேட்பாங்க. டிராக்டர் டிரெய்லரோட வால்ல ஏறின நொடியில வால் கீழ போகும், மூக்கு மேல தூக்கும், கூடவே பிக்கப்போட பின்பக்கத்தையும் தூக்கும். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது பின் சக்கரத்தை. அந்தச் சக்கரம் தரையை விட்டுத் தூக்கினா பிரேக் இருந்து என்ன? மண்டபம் பக்கம் ஒரு தோப்புல இப்படித்தான் பிக்கப் நாலடி முன்னாடி ஓடி, ரேம்ப் பலகை நழுவி, டிராக்டர் சாய்ஞ்சு நின்னுச்சு. ஓட்டினது என் தம்பி. குதிக்காம உட்கார்ந்து கிளட்சையும் பிரேக்கையும் மிதிச்சுப் பிடிச்சிருந்தான், அதனால ஒண்ணும் ஆகல, ஆனா அந்த நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

அதனால பிக்கப்போட முன் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுங்க, முன் சக்கரம் தூக்காது. டிரெய்லர் வால்ல ரெண்டு ஓரத்துலயும் தரைக்கும் சட்டத்துக்கும் நடுவுல முட்டு வைங்க, பனங்கட்டைத் துண்டு அருமையா இருக்கும். மணல் தரையில முட்டுக்குக் கீழ ஒரு பலகை, இல்லன்னா கட்டை புதைஞ்சு போகும்.

டிராக்டர் முன்னாடி தூக்குதுன்னா ரேம்ப் செங்குத்து. ரெண்டடி உயரப் படுக்கைக்கு எட்டடி பலகையாவது வேணும். பலகை நீளம் இல்லையா, டிரெய்லரை கண்மாய்க் கரையோரமோ மேடான வரப்புக்கோ பின்னாடி கொண்டு போய் நிறுத்துங்க, உயரம் பாதியாக் குறையும். அப்பவும் தூக்கினா ரோட்டவேட்டரைக் கழட்டிட்டு ஏத்துங்க. லோ கியர்ல, ஒரே சீரா, நடுவுல கியர் மாத்தாம ஏறணும். முன் சக்கரம் எழும்புறது தெரிஞ்சதும் கிளட்சை மிதிங்க. பின்னாடியும் பக்கத்துலயும் யாரும் நிக்கக் கூடாது, "நான் கை கொடுக்கிறேன்"னு வர்ற சின்னப் பசங்களை முதல்ல தள்ளி நிறுத்துங்க. ரேம்ப் கொக்கி வெல்டு விட்டிருந்தா கம்பி கட்டி ஓட்டாதீங்க, பட்டறைக்குப் போங்க.

கட்டினது கட்டின மாதிரி இல்ல, டிராக்டர் நகர்ந்திருக்கு

கிளம்பி 5 கிலோமீட்டர்ல ஒரு தடவை நிறுத்திப் பாருங்க, டிராக்டரைக் கட்டின பெல்ட் கண்டிப்பா கொஞ்சம் தளர்ந்திருக்கும், அது இயல்பு, மறுபடி இறுக்குங்க. மறுபடி மறுபடி தளர்ந்தா எங்க கட்டியிருக்கீங்கன்னு பாருங்க. டயரைச் சுத்திக் கட்டினா டயர் அமுங்க அமுங்க லூசாகும். ஆக்ஸில், சேசிஸ்ல நாலு மூலைக்கு நாலா, முன்னாடி ரெண்டு முன்னாடி இழுக்கணும், பின்னாடி ரெண்டு பின்னாடி இழுக்கணும். ரோட்டவேட்டரை ஹைட்ராலிக்ல தூக்கின மாதிரி விடாதீங்க, பலகையில இறக்கி தனியா ஒரு பெல்ட். டிராக்டரை கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக்.

நம்ம வெயில்ல பெல்ட் சீக்கிரம் செத்துப் போகும். நிறம் வெளுத்து, தொட்டா மொறுமொறுன்னு, ஓரத்துல நூல் பிரிஞ்சா தூக்கிப் போடுங்க, ரேட்சட்ல (பெல்ட்டை இறுக்குற பல்லு பூட்டு) துரு ஏறி பல்லு வழுக்கினாலும் அப்படித்தான். கூட ரெண்டு இரும்புச் சங்கிலி எப்பவும் போடுங்க.

டிரெய்லர் லைட் எரியல, இல்ல இண்டிகேட்டர் போட்டா பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குது

எல்லாம் சேர்ந்து மினுக்குதுன்னா எர்த் தகராறு, வேற யோசிக்காதீங்க. ஒரு நீள வயரை எடுத்து ஒரு முனையை பிக்கப் சேசிஸ்ல பளிச்சுன்னு இருக்கிற இரும்புல, இன்னொரு முனையை டிரெய்லர் சட்டத்துல பிடிங்க. லைட் சரியாச்சுன்னா முடிஞ்சது, எர்த் வயர் நட்டைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு திரும்ப இறுக்குங்க. ஒரே ஒரு லைட் மட்டும் எரியலன்னா பல்பு, அப்புறம் பல்பு ஹோல்டர், அப்புறம் சாக்கெட். உப்புக் காத்துல சாக்கெட் பின் பச்சை பூத்துப் போகும், தேய்ச்சுட்டு வாசலின் தடவி வைங்க, மழைக்காலம் பூரா தாங்கும். புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போகுதுன்னா எங்கயோ வயர் உரசுது, பெரிய ஃபியூஸ் போட்டு ஏமாத்தாதீங்க, எலெக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க. ராத்திரி லைட் இல்லாம ஈசிஆர்ல டிரெய்லர் இழுக்காதீங்க, பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு நீங்க தெரியவே மாட்டீங்க.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேயுது

ரெண்டு ஓரமும் தேய்ஞ்சா காத்து கம்மி, நடுவுல தேய்ஞ்சா காத்து ஜாஸ்தி. உள் ஓரம் மட்டும்னா ஆக்ஸில் வளைஞ்சிருக்கலாம், மேல சொன்ன மாதிரி டேப் பிடிங்க, பட்டறைக்குப் போங்க. பட்டன் (டயர் மேல இருக்கிற வெட்டு) நல்லா இருக்குன்னு டயரை நம்பிடாதீங்க, டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும், 3219ன்னா 2019-ல 32-வது வாரம் செஞ்சது. பக்கவாட்டுல வெடிப்பு ஓடியிருந்தா பட்டன் இருந்தாலும் மாத்துங்க.

மணல்ல புதைஞ்சிருச்சு

டயர் சுத்த ஆரம்பிச்சதுமே நிறுத்துங்க, சுத்தச் சுத்த ஆக்ஸில் வரைக்கும் இறங்கும். டயருக்கு முன்னாடி மணலை வாரி, தென்னை மட்டையை முதுகு கீழ இருக்கிற மாதிரி நெருக்கி அடுக்குங்க, பிக்கப் பின் டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கி, ரெண்டாவது கியர்ல மெதுவா எடுங்க. ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலை காத்து அடிக்கிறது.

வரலன்னா டிரெய்லர்ல இருக்கிற டிராக்டரை முட்டு வச்சு இறக்கி அதை வச்சே இழுக்கலாம், ஆனா சங்கிலியை டிராக்டரோட கீழ இருக்கிற இழுவைக் கொக்கியில மட்டும்தான் மாட்டணும். மேல டாப் லிங்க் (உழவுக் கருவியோட மேல் பக்கத்தைப் பிடிக்கிற கம்பி) மாட்டுற இடத்துல மாட்டி இழுத்தா டிராக்டர் அப்படியே பின்னாடி மல்லாந்துடும், ஓட்டுறவருக்கு இறங்க நேரமே இருக்காது. சங்கிலியை மெதுவா விறைப்பாக்கிட்டு அப்புறம் இழுங்க, வெடுக்குன்னு இழுக்காதீங்க, வேடிக்கை பார்க்கிறவங்களை சங்கிலி நீளத்துக்கு ரெண்டு மடங்கு தள்ளி நிக்கச் சொல்லுங்க. ரெண்டு தடவை இழுத்தும் அசையலன்னா விட்டுட்டு ஜேசிபிக்கு போன் பண்ணுங்க.